பக்கத்து வீடா, எதிர் வீடா? ஆல்ஃபிரட் வெர்னரின் கதை



உங்கள் வீட்டில் பிளஸ் டூ அறிவியல் பிரிவில் படிக்கும் பிள்ளை இருந்தால், அவர்களுடைய வேதியியல் புத்தகத்தை ஒரு முறை வாங்கிப் புரட்டிப் பாருங்கள். அணைவுச் சேர்மங்கள் என்று ஒரு பாடம் இருக்கும். அதில் வெர்னர் கொள்கை என்று ஒரு பகுதி வரும். தேர்வுக்கு அடிக்கடி கேட்கப்படும் கேள்வி என்பதால் பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிடுவார்கள். வெர்னர் யார் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது.

இப்போது இன்னொரு காகிதத்தை எடுத்துக்கொள்வோம். உறவிலோ நட்பிலோ யாருக்காவது கீமோதெரபி நடந்திருந்தால் மருத்துவமனை பில்லைப் பார்த்திருப்பீர்கள். சிஸ்பிளாட்டின், கார்போபிளாட்டின், ஆக்சாலிபிளாட்டின் என்று ஏதாவது ஒரு பெயர் அதில் இருந்திருக்கக்கூடும். பெயரில் இருக்கும் பிளாட்டின் என்பது நகைக்கடையில் விற்கும் அதே பிளாட்டினம்தான். ஓர் உலோகம் எப்படிப் புற்றுநோய்க்கு மருந்தாகிறது என்று அந்த நேரத்தில் கேட்க யாருக்கும் மனம் இருக்காது. கவலை வேறு இடத்தில் இருக்கும்.

அந்தப் பாடப்புத்தகமும் இந்த பில்லும் ஒரே மனிதரிடம் போய்ச் சேருகின்றன. அவர்தான் ஆல்ஃபிரட் வெர்னர். அவர் மருத்துவர் அல்ல. ஒரு புற்றுநோயாளிக்கும் மருந்து கொடுத்தவர் அல்ல. இறந்து நூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. நான் பி.காம். படித்து, வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன். வேதியியல் என் துறை இல்லை. ஆனாலும் இவருடைய கதை கணக்குப் பிள்ளைக்கும் புரியக்கூடியது. அபார்ட்மென்டில் குடியிருப்பவர்களுக்கு இன்னும் எளிதாகப் புரியும். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

இரண்டு நாட்டுக்கு நடுவே ஒரு சிறுவன்

வெர்னர் 1866 டிசம்பர் 12 அன்று முல்ஹவுஸ் என்ற ஊரில் பிறந்தார். பிரான்சும் ஜெர்மனியும் சந்திக்கும் அல்சாஸ் பகுதியில் இருக்கிறது அந்த ஊர். துணி ஆலைகளும் சாயப் பட்டறைகளும் நிறைந்த தொழில் நகரம். அப்பா ஆலைத் தொழிலாளி. வீட்டுக்குக் கடைசிப் பிள்ளை ஆல்ஃபிரட்.

அவருக்கு நான்கு வயது முடிந்த நேரம், பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் நடந்த போர் முடிந்து, 1871இல் அல்சாஸ் ஜெர்மனியின் கைக்குப் போனது. ஒரே தெரு, ஒரே வீடு, நாடு மட்டும் மாறிவிட்டது. வீட்டுக்குள் பிரெஞ்சு மொழி, வெளியே ஜெர்மன் ஆட்சி. குடும்பம் மனதளவில் பிரான்சின் பக்கமே இருந்தது. ஆனால் பிற்காலத்தில் வெர்னர் தன் ஆய்வுகளைப் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில்தான் எழுதினார்.

வேதியியல் மீது பையனுக்குச் சின்ன வயதிலிருந்தே பைத்தியம். வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் தானே சோதனைகள் செய்வார். பதினெட்டு வயதில் சொந்தமாக ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதி, ஊரில் இருந்த வேதியியல் பள்ளியின் தலைவரிடம் கொண்டுபோய்க் காட்டினார். பிறகு ஜெர்மன் ராணுவத்தில் கட்டாய சேவை. கார்ல்ஸ்ரூஹே நகரில் அந்த ஓராண்டைக் கழித்தபோதும் அங்கிருந்த தொழில்நுட்பக் கல்லூரியில் வகுப்புகளைக் கேட்டார். சேவை முடிந்ததும் 1886இல் சுவிட்சர்லாந்தின் ஜூரிக் நகருக்குப் படிக்கப் போனார். வாழ்நாளின் மீதிப் பகுதி பெரும்பாலும் அந்த ஊரில்தான்.

பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியலைப் பார்த்து மனம் உடையும் பெற்றோர் இதைக் கவனியுங்கள். வெர்னருக்குக் கணிதம் வராது. அதிலும் பொருள்களின் வடிவத்தைத் தாளில் வரைந்து காட்டும் வடிவியல் பாடத்தில் அவர் திணறினார். அதே மனிதர்தான் பின்னாளில், கண்ணுக்குத் தெரியாத அணுக்கள் வெளியில் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று மனக்கண்ணாலேயே கண்டு சொன்னார்.

1890இல் முனைவர் பட்டம். அதற்குப் பிறகு பாரிசில் பெர்த்தலோ என்ற பெரிய வேதியியலாளரிடம் சிறிது காலம் பணி. மீண்டும் ஜூரிக் திரும்பி, நிரந்தரப் பதவி இல்லாத விரிவுரையாளராகச் சேர்ந்தார். அப்போது வயது இருபத்தைந்து.

பாஸ்புக்கில் இருக்கும், கைக்கு வராது

அந்தக் காலத்து வேதியியலாளர்களைத் தொல்லைப்படுத்திய ஒரு புதிரைச் சொல்ல வேண்டும். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், வங்கிக் கணக்கு போலத்தான் இருக்கும்.

கோபால்ட் என்ற உலோகம், குளோரின், அம்மோனியா மூன்றும் சேர்ந்து அழகழகான நிறங்களில் படிகங்களைத் தரும். மஞ்சளில் ஒன்று, ஊதாச் சிவப்பில் ஒன்று, பச்சையில் ஒன்று. எல்லாவற்றிலும் ஒரு கோபால்டுக்கு மூன்று குளோரின். அம்மோனியாவின் எண்ணிக்கை மட்டும் ஆறு, ஐந்து, நான்கு என்று மாறும்.

ஒரு கரைசலில் குளோரின் இருக்கிறதா என்று பார்க்க வெள்ளி நைட்ரேட்டை ஊற்றுவார்கள். இருந்தால் வெள்ளையாக அடியில் படியும். ஆறு அம்மோனியா உள்ள மஞ்சள் படிகத்தைக் கரைத்துப் பார்த்தால் மூன்று குளோரினும் படிந்தன. ஐந்து அம்மோனியா உள்ளதில் இரண்டுதான் படிந்தன. நான்கு உள்ளதில் ஒன்றே ஒன்று. மீதிக் குளோரின் எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை. உள்ளேயே இருக்கிறது, ஆனால் வெளியே வர மறுக்கிறது.

உங்கள் கணக்கில் மூன்று லட்சம் இருக்கிறது என்று பாஸ்புக் காட்டுகிறது. அதில் ஒரு லட்சத்தின் மேல் வங்கி லியன் போட்டிருக்கிறது. ஏடிஎம்மில் எவ்வளவு அழுத்தினாலும் இரண்டு லட்சத்துக்கு மேல் வராது. அந்த மாதிரிதான். குளோரின் மீது யார் லியன் போட்டது என்பதுதான் கேள்வி.

டென்மார்க் நாட்டின் கோபன்ஹேகனில் யோர்கென்சன் என்ற பேராசிரியர் இருந்தார். வெர்னரைவிட ஏறக்குறைய முப்பது வயது மூத்தவர். இந்தப் படிகங்களை ஆண்டுக்கணக்கில் தயாரித்துச் சுத்தம் செய்து ஆராய்ந்தவர். அம்மோனியாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கிலியாகக் கோக்கப்பட்டிருக்கின்றன, சங்கிலியின் நுனியில் இருக்கும் குளோரின் எளிதில் கழன்று வரும், உலோகத்தோடு நேரடியாக ஒட்டியிருப்பது வராது என்பது அவர் ஆதரித்த விளக்கம். அதுவே அன்று எல்லோரும் ஏற்றுக்கொண்ட விளக்கம்.

நள்ளிரவு இரண்டு மணி

1892இல் ஒரு நாள். வெர்னர் இரவு இரண்டு மணிக்குத் திடுக்கிட்டு விழித்தார். புதிருக்கு விடை கனவுபோல மனதில் நின்றது. எழுந்து உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். மறுநாள் மாலை ஐந்து மணிக்கு எழுதி முடித்தார். அந்தக் கட்டுரை 1893இல் அச்சில் வந்தது.

அவர் சொன்னது இதுதான். உலோக அணுவைச் சுற்றி இத்தனை இருக்கைகள் என்று ஒரு கணக்கு இருக்கிறது. கோபால்டுக்கு ஆறு இருக்கை. ஆறு அம்மோனியா வந்தால் ஆறு இருக்கையும் நிறைந்துவிடும், மூன்று குளோரினும் வெளியே நிற்கும். ஐந்து அம்மோனியாதான் வந்தால் காலியான ஆறாவது இருக்கையில் ஒரு குளோரின் உட்காரும். நான்கு வந்தால் இரண்டு குளோரின் உட்காரும். உட்கார்ந்தது எழுந்து வராது, வெளியே நிற்பது மட்டும் வெள்ளி நைட்ரேட்டில் படியும். ஆறும் பூஜ்யமும், ஐந்தும் ஒன்றும், நான்கும் இரண்டும். எப்படிக் கூட்டினாலும் ஆறு. கணக்கு இடிக்கவில்லை.

சங்கிலி கிடையாது, நடுவில் உலோகம், சுற்றிலும் இருக்கைகள். இதோடு அவர் நிறுத்தியிருந்தால்கூடப் பெரிய விஷயம். இன்னொரு படி மேலே போய், அந்த இருக்கைகள் எந்த வடிவத்தில் போடப்பட்டிருக்கின்றன என்றும் சொன்னார். ஆறு இருக்கை என்றால் முன், பின், இடம், வலம், மேல், கீழ். இதை எண்முகி வடிவம் என்பார்கள். இத்தனையும் சொன்னவருக்கு அப்போது வயது இருபத்தாறு. அந்த வகைப் படிகங்களில் சொந்தமாகச் சோதனை செய்த அனுபவமும் அதுவரை இல்லை. மற்றவர்கள் எழுதிவைத்த முடிவுகளை, முக்கியமாக யோர்கென்சனின் முடிவுகளை வைத்துக்கொண்டே இதைச் சொன்னார்.

அதே ஆண்டு ஜூரிக் பல்கலைக்கழகம் அவரை இணைப் பேராசிரியராக நியமித்தது.

ஒரே தளம், நான்கு வீடு

இப்போது பிளாட்டினத்துக்கு வருவோம். நமது மருந்தின் கதை இங்கேதான் இருக்கிறது.

1844இல், அதாவது வெர்னர் பிறப்பதற்கு 22 ஆண்டுகளுக்கு முன்பே, மிக்கேலே பெய்ரோனே என்ற இத்தாலிய வேதியியலாளர் ஒரு மஞ்சள் நிறப் பொடியைத் தயாரித்தார். ஒரு பிளாட்டினம், இரண்டு குளோரின், இரண்டு அம்மோனியா. ஏறக்குறைய அதே காலத்தில் பிரான்சின் ரைசே என்பவர் வேறொரு வழியில் ஒரு பொருளைத் தயாரித்தார். அதிலும் ஒரு பிளாட்டினம், இரண்டு குளோரின், இரண்டு அம்மோனியா. சரக்குப் பட்டியல் ஒன்றுதான். ஆனால் இரண்டும் ஒரே பொருள் இல்லை. கரைவதிலும் மற்றப் பொருள்களோடு வினைபுரிவதிலும் வித்தியாசம் இருந்தது. ஐம்பது ஆண்டுகளாக இது ஒரு முடிச்சு.

வெர்னர் அவிழ்த்த விதத்தை உங்கள் லிஃப்ட் லாபியில் நின்று புரிந்துகொள்ளலாம். ஒரு தளத்தில் நடுவே லிஃப்ட், நான்கு மூலையிலும் நான்கு வீடுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். லிஃப்ட்தான் பிளாட்டினம். இரண்டு வீட்டில் குளோரின் குடும்பங்கள், இரண்டு வீட்டில் அம்மோனியா குடும்பங்கள். இவர்களை எத்தனை விதமாகக் குடியமர்த்தலாம்? இரண்டே விதம். குளோரின் குடும்பங்கள் இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருக்கலாம். அல்லது எதிர் எதிர் மூலையில் இருக்கலாம். முதல் வகையைச் சிஸ் என்றும் இரண்டாவது வகையை ட்ரான்ஸ் என்றும் வேதியியலில் சொல்வார்கள். பெய்ரோனே தயாரித்தது பக்கத்து வீட்டு வகை. ரைசே தயாரித்தது எதிர் வீட்டு வகை.

நான்கு பேரும் ஒரே தளத்தில் இல்லாமல், பிரமிடு மாதிரியான நான்முகி வடிவத்தில் இருந்தால் என்ன ஆகும்? அந்த வடிவத்தில் எந்த இரண்டு மூலையை எடுத்தாலும் அவை பக்கத்து மூலைகள்தான். எதிர் மூலை என்பதே கிடையாது. ஆகவே ஒரே ஒரு பொருள்தான் கிடைத்திருக்கும். இரண்டு பொருள் கிடைத்திருப்பதால், பிளாட்டினத்தைச் சுற்றியிருக்கும் நான்கும் ஒரே தளத்தில் சதுரமாகத்தான் இருக்க வேண்டும். எக்ஸ்ரே கொண்டு படிகத்துக்குள் பார்க்கும் முறை வருவதற்குச் சுமார் இருபது ஆண்டுகள் முன்னால், எண்ணிக்கையை மட்டும் வைத்துச் செய்த முடிவு இது. பிற்காலக் கருவிகள் அனைத்தும் அவர் சொன்னது சரி என்றே காட்டின.

பதினான்கு ஆண்டு பாக்கி

ஒரு இளைஞர் வந்து ஒரே இரவில் எல்லாவற்றையும் மாற்றிச் சொன்னால் பெரியவர்கள் சும்மா இருப்பார்களா? யோர்கென்சன் நேர்மையாக எதிர்த்தார். அவர் கையில் ஒரு வலுவான ஆயுதமும் இருந்தது.

வெர்னரின் கணக்குப்படி நான்கு அம்மோனியாவும் இரண்டு குளோரினும் உட்கார்ந்த கோபால்ட் சேர்மத்திலும் பக்கத்து வீடு, எதிர் வீடு என்று இரண்டு வகை இருந்தாக வேண்டும். பச்சை நிறத்தில் ஒன்றுதான் எல்லோருக்கும் தெரிந்தது. இன்னொன்று எங்கே என்று யோர்கென்சன் கேட்டார். நியாயமான கேள்வி. ஐந்தொகையில் ஒரு பக்கம் எழுதிவிட்டு மறுபக்கத்துக்கு வவுச்சர் இல்லையென்றால் எந்த ஆடிட்டர் விடுவார்?

வெர்னர் அடுத்த பதினான்கு ஆண்டுகள் தேடினார். இடையில் ஏராளமான புதிய சேர்மங்களைத் தயாரித்தார். 1894இல் எம்மா கீஸ்கர் என்ற பெண்ணை மணந்தார். ஒரு மகன், ஒரு மகள். 1895இல் முழுப் பேராசிரியர். வகுப்பறை நிரம்பி வழியும் அளவுக்கு நல்ல ஆசிரியர் என்று பெயர். ஆனால் ஆய்வுக்கூடம் மட்டும் கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. வெளிச்சம் குறைவு, காற்றோட்டம் குறைவு. நிலவறைக் கல்லறை என்று பொருள்படும் பட்டப்பெயரே அதற்கு இருந்தது. 1909இல்தான் புதிய கட்டடம் கிடைத்தது. அந்த இருட்டறையிலும் அதற்குப் பிறகும் அவரிடம் முனைவர் பட்டம் பெற்றவர்கள் இருநூறுக்கும் மேல். பெண்களைப் பல பல்கலைக்கழகங்கள் சேர்த்துக்கொள்ளாத காலத்தில் அவருடைய மாணவர்களில் பெண்கள் கணிசமாக இருந்தார்கள்.

1907இல் அந்தக் காணாமற்போன பொருளை வெர்னர் தயாரித்துவிட்டார். ஊதா நிறத்தில் இருந்தது. செய்தி தெரிந்ததும் யோர்கென்சன் தன் எதிர்ப்பைக் கைவிட்டார். வாழ்நாள் உழைப்பால் கட்டிய கொள்கை போனாலும், ஆதாரம் வந்தபிறகு அதை ஏற்றுக்கொண்டார். வெர்னரும் தன் கொள்கைக்கு அஸ்திவாரமாக இருந்தவை யோர்கென்சனின் துல்லியமான சோதனைகளே என்பதை வெளிப்படையாகச் சொன்னார். கருத்து வேறுபாடு எத்தனை ஆண்டு நீடித்தாலும் மரியாதை குறையாமல் இருக்க முடியும் என்பதற்கு இது ஒரு நல்ல உதாரணம். நமது ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டங்களுக்கும் பொருந்தும்.

1911இல் இன்னொரு கடினமான சான்று. எண்முகி வடிவம் உண்மையென்றால், சில சேர்மங்கள் இடது கை, வலது கை போலக் கண்ணாடிப் பிம்பங்களாக இருவகையாகக் கிடைக்க வேண்டும். விக்டர் கிங் என்ற அமெரிக்க மாணவருடன் சேர்ந்து அவற்றைப் பிரித்தெடுத்துக் காட்டினார். 1913இல் நோபல் பரிசு வந்தது.  அப்போது அவருக்கு வயது 46.

அதன் பிறகு அதிக நாள் இல்லை. இரவு பகல் பாராத உழைப்பு, சுருட்டு, மதுப்பழக்கம் எல்லாம் சேர்ந்து உடலைக் கெடுத்தன. ரத்தக் குழாய்கள் தடித்துப்போகும் நோய் மூளையையும் பாதித்தது. மேடையில் நின்று சொற்பெருக்காற்றியவரால் வகுப்பு எடுக்க முடியாமல் போயிற்று. 1919 நவம்பர் 15 அன்று ஜூரிக்கில் காலமானார். 53 வயது முடிய ஒரு மாதம் கூட இல்லை.

அவர் கண்டு சொன்ன பக்கத்து வீட்டுப் பிளாட்டினச் சேர்மம் அன்றைக்குப் பாடப்புத்தகத்தில் ஓர் உதாரணம், அவ்வளவுதான். அதனால் யாருக்கு என்ன பயன் என்று கேட்டிருந்தால் யாரிடமும் பதில் இருந்திருக்காது.

பாக்டீரியா ஏன் பிளவுபடவில்லை?

இனி வருவது வெர்னர் மறைந்து 40 ஆண்டுகளுக்குப் பிறகு, அமெரிக்காவில் நடந்தது.

1960களின் தொடக்கத்தில் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பெர்க் என்ற இயற்பியலாளர் இருந்தார். உயிரணு இரண்டாகப் பிரியும்போது உள்ளே தெரியும் இழைகளின் தோற்றம், காந்தத்தைச் சுற்றி இரும்புத் தூள் நிற்கும் விதத்தை அவருக்கு நினைவூட்டியது. அப்படியானால் மின்புலத்தைச் செலுத்தினால் உயிரணுப் பிரிவில் மாற்றம் வருமா என்று பார்க்க விரும்பினார். ஈ.கோலை என்ற பாக்டீரியா வளரும் கரைசலில் மின்சாரம் பாய்ச்சினார். மின்முனைகளுக்குப் பிளாட்டினத்தைத் தேர்ந்தெடுத்தார். காரணம், பிளாட்டினம் எதனோடும் சேராது, சோதனையைக் கெடுக்காது என்ற நம்பிக்கை.

பாக்டீரியாக்கள் இறக்கவில்லை. ஆனால் பிரிவதை நிறுத்திவிட்டு நீண்டுகொண்டே போயின. சில வழக்கமான நீளத்தைப்போல முந்நூறு மடங்குவரை நூலாக நீண்டன. வளர்ச்சி நடக்கிறது, பிரிவு மட்டும் நடக்கவில்லை. காரணத்தைத் தேடியதில் மின்சாரத்துக்கு இதில் நேரடித் தொடர்பு இல்லை என்று தெரிந்தது. எதனோடும் சேராது என்று நம்பிய பிளாட்டினம் மின்முனையிலிருந்து துளித்துளியாகக் கரைந்து, கரைசலில் இருந்த அம்மோனியாவோடும் குளோரினோடும் சேர்ந்து புதிய சேர்மங்களை உண்டாக்கியிருந்தது. 1965இல் இந்தச் செய்தி நேச்சர் இதழில் வெளியானது.

எந்தச் சேர்மம் என்று பிரித்துப் பிரித்துப் பார்த்தபோது, பக்கத்து வீட்டு வகைச் சேர்மங்களே பாக்டீரியாவின் பிரிவை நிறுத்துகின்றன என்று தெரிந்தது. பெய்ரோனேயின் பழைய மஞ்சள் பொடியும் அவற்றில் ஒன்று. எதிர் வீட்டு வகைக்கு அந்தச் சக்தி இல்லை. அதே உலோகம், அதே குளோரின், அதே அம்மோனியா, அதே எண்ணிக்கை. இருப்பிடம் ஒன்றுதான் வித்தியாசம். வெர்னர் அந்த இரண்டு வகையையும் பிரித்துச் சொல்லியிருக்காவிட்டால், ஒரே பொருள் ஒரு தடவை வேலை செய்கிறது, மறு தடவை செய்யவில்லை என்று ஆய்வாளர்கள் குழம்பித் தவித்திருப்பார்கள்.

பிரிவை நிறுத்தும் என்றால் கட்டுக்கடங்காமல் பிரியும் புற்றுநோய் உயிரணுவையும் நிறுத்துமா? எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பெரிய கட்டிகளும் கரைந்தன. 1971இல் முதல்முதலாக நோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்டது. 1978 டிசம்பரில் அமெரிக்க அரசு இதை மருந்தாக அனுமதித்தது. பெயர் சிஸ்பிளாட்டின். பெய்ரோனே தயாரித்து 134 ஆண்டுகள், வெர்னர் வடிவம் சொல்லி 85 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இளம் ஆண்களைத் தாக்கும் விரைப் புற்றுநோய் உடலில் பரவிவிட்டால் அதுவரை பிழைத்தவர்கள் மிகச் சிலர். இண்டியானாவில் லாரன்ஸ் ஐன்ஹார்ன் என்ற மருத்துவர் 1974இல் சிஸ்பிளாட்டினை வேறு இரண்டு மருந்துகளோடு சேர்த்துக் கொடுக்க ஆரம்பித்தார். அதற்குப் பிறகு அந்த நோய் பரவிய நிலையிலும் பெரும்பாலானோர் குணமடையும் நோயாக மாறியது. இன்று சினைப்பை, நுரையீரல், சிறுநீர்ப்பை, கருப்பை வாய், தலை மற்றும் கழுத்துப் பகுதிப் புற்றுநோய்களுக்கும் இந்தக் குடும்ப மருந்துகள் பயன்படுகின்றன. வாய்ப் புற்றும் கருப்பை வாய்ப் புற்றும் அதிகம் உள்ள நம் நாட்டில், கதிர்வீச்சோடு சேர்த்துக் கொடுக்கும் மருந்தாகச் சிஸ்பிளாட்டினை மருத்துவர்கள் நன்கு அறிவார்கள்.

பக்கத்து வீட்டுக்கு என்ன சிறப்பு?

ரத்தத்தில் உப்பு அதிகம், அதாவது குளோரைடு அதிகம். அதனால் மருந்தில் இருக்கும் இரண்டு குளோரினும் பெரும்பாலும் வீட்டை விட்டு நகராது. உயிரணுவுக்குள் குளோரைடு மிகவும் குறைவு. உள்ளே நுழைந்ததும் குளோரின் குடும்பங்கள் வீட்டைக் காலி செய்கின்றன. பக்கத்துப் பக்கத்து வீடு இரண்டு காலியாகின்றன. மரபுச் செய்தியைத் தாங்கும் டி.என்.ஏ. இழையில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு இடங்களை, அந்தக் காலி வீடுகள் வழியாகப் பிளாட்டினம் பிடித்துக்கொள்கிறது. இழை மடங்கிவிடுகிறது. மடங்கிய இழையைச் சரியாக நகல் எடுக்க முடியாமல் உயிரணு செத்துப்போகிறது. எதிர் எதிர் மூலையில் வீடு காலியானால் அடுத்தடுத்த இரண்டு இடத்தை இப்படிப் பிடிக்க முடியாது.

ஆகவே உலோகம் மட்டும் மருந்தில்லை, அது அமைந்திருக்கும் விதமும் சேர்ந்துதான் மருந்து. பிளாட்டின மோதிரம் போட்டால் புற்றுநோய் வராது என்று எப்போதாவது வாட்ஸ்அப்பில் செய்தி வந்தால் அதை அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள்.

இந்த மருந்து நல்ல உயிரணுக்களையும் விட்டுவைப்பதில்லை. கடும் வாந்தி, சிறுநீரகப் பாதிப்பு, காதில் இரைச்சல், கேட்கும் திறன் குறைவு, கைகால் விரல்களில் மரத்துப்போதல் எல்லாம் வரக்கூடும். ஆரம்ப காலத்தில் சிறுநீரகக் கெடுதியால் மருந்தையே கைவிடும் நிலை இருந்தது. மருந்துக்கு முன்னும் பின்னும் நரம்பு வழியாக நிறைய திரவம் ஏற்றும் முறை வந்ததால் அந்த ஆபத்து குறைந்தது. மருத்துவமனையில் மணிக்கணக்காகப் பாட்டில் பாட்டிலாக ஏற்றுகிறார்களே என்று அலுத்துக்கொள்ளும் உறவினர்கள் இந்தக் காரணத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. காதில் இரைச்சல் கேட்டால், விரல் மரத்தால், சின்ன விஷயம் என்று விடாமல் மருத்துவரிடம் உடனே சொல்லச் சொல்லுங்கள். பக்கத்தில் யாரோ சொன்ன பஸ்பம், கஷாயம் ஏதாவது எடுத்துக்கொண்டால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சிறுநீரகம் ஏற்கெனவே சிரமப்படும் நேரம் அது.

கெடுதியைக் குறைக்கும் முயற்சியும் வெர்னரின் நான்கு வீட்டை வைத்துத்தான் நடந்தது. சீக்கிரம் காலி செய்யும் குளோரின்களுக்குப் பதிலாக மெதுவாகக் காலி செய்யும் வேறு ஒருவரைக் குடியமர்த்தினார்கள், கார்போபிளாட்டின் வந்தது. அதனால் சிறுநீரகத்துக்குத் தொல்லை குறைந்தது. அம்மோனியா இருந்த பக்கத்தையும் மாற்றினார்கள், பெருங்குடல் புற்றுநோய்க்குப் பயன்படும் ஆக்சாலிபிளாட்டின் வந்தது. மூன்றும் இன்று உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கின்றன.

வெர்னர் இதில் எதையும் பார்க்கவில்லை. பார்ப்போம் என்று நினைத்து உழைக்கவும் இல்லை. பச்சைப் படிகத்துக்கு ஊதாத் துணை இருக்கிறதா என்று தேடிப் பதினான்கு ஆண்டுகளைச் செலவிட்ட ஒருவரைப் பார்த்து, இது எதற்கு உதவும் என்று நம்மில் பலரும் கேட்டிருப்போம். நம் பிள்ளைகள் வேலைவாய்ப்பு உடனே தெரியாத ஒரு படிப்பைக் கேட்கும்போதும் அதே கேள்வியைத்தான் கேட்கிறோம். அந்தக் கேள்வியைக் கேட்பது தவறில்லை. பதில் உடனே வராவிட்டால் கதவைச் சாத்திவிடாமல் இருந்தால் போதும்.

விடுமுறையில் பிள்ளைகளோடு ஒரு விளையாட்டு செய்து பாருங்கள். ஒரு உருளைக்கிழங்கு, பல் குத்தும் குச்சிகள், இரண்டு நிறத்தில் நான்கு திராட்சை. ஒரே தளத்தில் நான்கையும் குத்தி இரண்டு விதமாக அடுக்குங்கள். பிறகு பிரமிடு மாதிரிக் குத்தி, அதிலும் இரண்டு விதம் வருகிறதா என்று முயன்று பாருங்கள். எத்தனை திருப்பினாலும் வராது. 1893இல் வெர்னர் செய்த வாதம் முழுவதும் உங்கள் சாப்பாட்டு மேசையில் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

அடுத்த காலாண்டில் சந்திப்போம். எல்லோரும் நலமாக இருங்கள்.